லண்டன் கட்டட வேலைக்குப் பச்சை அட்டை: என்ன மாறியிருக்கிறது, எப்படி எடுப்பது

நான் இப்போது இருப்பது மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிக்குடியில். பதினொரு வருடம் லண்டனில் கட்டட வேலைத்தளங்களில் லேபரராக நின்றுவிட்டு ஊருக்கு வந்தவன். வந்த பிறகும் வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது வாட்ஸ்அப்பில் எடுப்பார்கள், அங்கே இருக்கிற தம்பிமாரும் எடுப்பார்கள், இனிப் போகப்போகிற பொடியன்களும் எடுப்பார்கள். "அண்ணே, கார்ட் முடியப்போகுது, முந்தி மாதிரி டெஸ்ட் மட்டும் செய்தால் காணுமா?" என்று ஒருத்தன். "அண்ணே, ஒராள் முந்நூறு பவுணுக்கு எல்லாம் முடிச்சுத் தாறன் எண்டுறார், குடுக்கட்டா? மறுகா பிரச்சினை வராதா?" என்று இன்னொருத்தன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று இருந்தேன், அதுதான் இது: லண்டன் வேலைத்தளத்தில் லேபரராக நிற்கக் கேட்கிற சிஎஸ்சிஎஸ் பச்சை அட்டையை எடுக்கிற விதம்.

அந்த முந்நூறு பவுண் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்காதீர்கள். 2024 இல் அட்டைக்கு முன் எழுதுகிற பாதுகாப்புச் சோதனைக்கு 22.50 பவுண், அட்டைக்கு 36 பவுண். இதோடு ஒரு வகுப்புக் காசு, அது இடத்துக்கு இடம் வேறுபடும். அவ்வளவுதான் செலவு. யாராவது வகுப்புக்குப் போகத் தேவையில்லை, சோதனைக்கு இருக்கத் தேவையில்லை, பெயரை மட்டும் தா என்று சொன்னால் அது கள்ள வேலை. பிடிபட்டால் அட்டை ரத்தாகும், வேலையும் போகும், விசா நிலை சரியாக இல்லாதவனுக்கு அதற்கு மேலேயும் சிக்கல் வரும். அதைவிடப் பெரிய விஷயம், அந்தச் சோதனையில் கேட்கிற ஒவ்வொன்றும் உங்கள் உயிரோடு சம்பந்தப்பட்டது. அதை வேறொருவன் எழுதித் தந்தால் சாரத்தில் ஏறி நிற்கப்போவது அவனில்லை, நீங்கள்.

சரி, இது என்ன அட்டை? சிஎஸ்சிஎஸ் என்பது 1995 இல் பிரித்தானியாவில் தொடங்கிய திட்டம். கட்டட வேலைத்தளத்தில் நிற்கிறவனுக்கு அவன் செய்யும் வேலைக்கான பயிற்சியும் பாதுகாப்பு அறிவும் இருக்கிறதா என்று காட்டுகிற அட்டை. நிறத்தை வைத்தே ஆளின் வேலையைச் சொல்லிவிடலாம். பச்சை லேபரருக்கு, நீலம் தொழில் தெரிந்த மேசன், தச்சன் போன்றவர்களுக்கு, சிவப்பு பயிற்சியில் இருப்பவர்களுக்கு, அதற்கு மேல் தங்க நிறம், கறுப்பு என்று போகும். சட்டப்படி இந்த அட்டை கட்டாயம் இல்லை. ஆனால் பெரிய கொந்தராத்துக் கம்பனிகள் எல்லாம் இது இல்லாமல் கேற்றுக்குள் விடமாட்டார்கள், ஏஜென்சிக்காரன் போனில் கேட்கிற முதல் கேள்வியே "கார்ட் இருக்கா" என்பதுதான். ஒரு வீட்டில் சமையலறை உடைக்கிற சின்ன வேலைக்குக் கேட்காமல் விடுவார்கள், அங்கே சம்பளமும் அதற்கேற்ற மாதிரித்தான் இருக்கும்.

இன்னொன்று, இது இங்கே ஊரில் இருந்து போக நினைக்கிறவர்களுக்கு. இந்த அட்டை விசா இல்லை. வேலை செய்கிற உரிமையும் இதனால் வராது. "சிஎஸ்சிஎஸ் எடுத்துத் தாறன், அதை வைச்சு லண்டன் விசா எடுக்கலாம்" என்று மட்டக்களப்பிலோ கல்முனையிலோ யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழும்பி வாருங்கள். லேபரர் வேலைக்கென்று பிரித்தானியா வேலை விசா கொடுப்பதில்லை. அங்கே லேபரராக நிற்கிற நம்ம ஆட்கள் குடும்ப விசாவில் போனவர்கள், அகதி நிலை கிடைத்தவர்கள், வதிவிட உரிமை பெற்றவர்கள், படிக்கப் போய்ப் பகுதி நேரம் செய்பவர்கள். படிக்கப் போனவர்கள் பட்டப்படிப்பு என்றால் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது, அட்டை கையில் இருந்தாலும் அந்தக் கணக்கு மாறாது. விசாவில் இருப்பவர்கள் வேலை செய்யும் உரிமையை இப்போது ஈவிசாவில், அதாவது இணையத்தில் இருக்கிற விசாக் கணக்கில் இருந்து எடுக்கிற ஷெயர் கோட் என்கிற எண் மூலம்தான் காட்ட வேண்டும். அந்தக் கோட் 90 நாள்தான் செல்லும், ஆகவே புது வேலைக்குப் போகும்போது புதிதாக எடுங்கள்.

இனி மாற்றங்களுக்கு வருவோம், இதில்தான் பழைய ஆட்களும் குழம்புகிறார்கள். 2014 யூலைக்கு முன்பு லேபரர் அட்டைக்குப் பாதுகாப்புச் சோதனை பாஸ் பண்ணி, முதலாளி ஒரு கையெழுத்து வைத்தால் காணும். 2014 யூலை 1 இல் இருந்து அது நின்றது. சோதனையோடு ஒரு தகுதிச் சான்றிதழும் வேண்டும் என்று வந்தது. பழைய அட்டையை வைத்திருந்தவர்களும் அது முடிந்து புதுப்பிக்கும்போது அந்தச் சான்றிதழைக் காட்ட வேண்டியதாயிற்று. என்னோடு ஒரே அறையில் இருந்த திருக்கோவில் அண்ணன் ஒருவர் பதினைந்து வருட அனுபவம் இருக்கிறதென்று நம்பிக்கொண்டு கடைசி வாரம் வரை விட்டுவிட்டார். அட்டை முடிந்த திங்கட்கிழமை கேற்றில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வகுப்புக்கு இடம் கிடைத்து, சோதனை செய்து, அட்டை தபாலில் வரும் வரைக்கும் அந்த மனுசன் ஐந்து வாரம் வீட்டில் இருந்தார். அனுபவத்தை யாரும் இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் கேற்றில் நிற்கிறவனுக்கு அட்டைதான் கணக்கு.

லேபரர் அட்டையோடு இது நிற்கவில்லை. சைட் விசிட்டர் அட்டை என்று ஒன்று இருந்தது, அதை வைத்துக்கொண்டே பலர் வேலை செய்தார்கள், அது 2020 இல் முற்றாக நிறுத்தப்பட்டது. அடுத்தது நம்ம மேசன்மாரை நேராகத் தாக்கினது. தகுதிச் சான்றிதழ் இல்லாமல் முதலாளியின் சிபாரிசில் அந்தக் காலத்தில் நீலம், தங்க அட்டை எடுத்தவர்களுக்கு ஒரு சலுகை இருந்தது, அதை இண்டஸ்ட்ரி அக்ரெடிடேஷன் என்பார்கள். அந்த வழியில் புதுப்பிக்கக் கடைசி நாள் 2024 யூன் 30. அப்படி எடுத்த அட்டைகள் எல்லாம் 2024 டிசம்பர் 31 உடன் முடிந்துவிட்டன. இந்த வகையில் அட்டை போனவர்கள் பச்சை அட்டையை எடுத்துக்கொண்டு பழையபடி கல்லுக் கட்டலாம் என்று நினைக்க வேண்டாம். பச்சை அட்டை லேபரர் வேலைக்கு மட்டும்தான், கரண்டியோடு சுவரில் நிற்கிறவனிடம் பச்சை அட்டையைக் கண்டால் சுப்பவைசர் கேட்பார். அவர்களுக்கு வழி என்விகியூ லெவல் 2 என்கிற தொழில் தகுதிச் சான்றிதழ். அதற்குக் கல்லூரியில் போய் இருக்கத் தேவையில்லை, நீங்கள் வேலை செய்கிற இடத்துக்கே மதிப்பீட்டாளர் வந்து உங்கள் வேலையைப் பார்த்து, படம் எடுத்து, கேள்வி கேட்டுத் தருகிற முறை இருக்கிறது. உண்மையில் வேலை தெரிந்தவனுக்கு அது பயப்படுகிற விஷயமே இல்லை.

இனிப் பச்சை அட்டைக்கு வருகிறேன்.

முதல் வேலை அந்தத் தகுதிச் சான்றிதழ். இங்கிலாந்தில் பெரும்பாலானவர்கள் எடுப்பது கட்டடச் சூழலில் சுகாதாரமும் பாதுகாப்பும் என்கிற லெவல் 1 அவார்ட். ஒரு நாள் ஹெல்த் அண்ட் சேஃப்ரி அவெயர்னஸ் என்று சிஐடிபி என்கிற கட்டடத் தொழில் பயிற்சிச் சபை நடத்துகிற வகுப்பும் உண்டு. எதில் சேர்வதற்கு முன்பும் சிஎஸ்சிஎஸ் இணையத்தளத்தில் லேபரர் அட்டைப் பக்கத்தைத் திறந்து, அன்றைக்கு எதை ஏற்றுக்கொள்கிறார்கள் என்று நீங்களே வாசியுங்கள், விதி மாறிக்கொண்டே இருக்கிறது, நண்பன் போன வருடம் செய்ததை வைத்து முடிவெடுக்காதீர்கள். லெவல் 1 என்றால் அந்தச் சான்றிதழை வழங்குகிற நிறுவனம் ஒஃப்குவால், அதாவது இங்கிலாந்தில் தகுதிச் சான்றிதழ்களைக் கண்காணிக்கிற அரச அமைப்பின் பதிவேட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கக்கூடியது. வேலையில்லாமல் உதவிப்பணம் எடுப்பவர்கள் காசு கட்டுவதற்கு முன் ஜொப்சென்டரிலும் பக்கத்துக் கல்லூரியிலும் ஒருமுறை கேளுங்கள், பல இடங்களில் இந்த வகுப்பையும் சோதனையையும் அட்டையையும் சேர்த்து இலவசமாகவே கொடுக்கிறார்கள். இதை ஒரு ஏஜென்சியும் உங்களுக்குச் சொல்லாது.

அடுத்தது சோதனை. முழுப் பெயர் சிஐடிபி ஹெல்த், சேஃப்ரி அண்ட் என்வயர்மென்ட் டெஸ்ட், லேபரருக்கு ஒப்பரேற்றிவ்ஸ் வகை. பதிவு செய்யும்போது மனேஜர் வகையைத் தவறுதலாகத் தெரிவுசெய்துவிடாதீர்கள். கம்பியூட்டரில் 50 கேள்வி, 45 நிமிடம், சரி பார்த்து அழுத்துகிற வகை. 45 சரியாக வேண்டும், அதாவது ஐந்துக்கு மேல் பிழை விட முடியாது. தமிழில் இல்லை. ஆனால் ஆங்கிலத்திலேயே கேள்வியை வாசித்துக் காட்டும் குரலைப் பதிவு செய்யும்போது கேட்டு எடுக்கலாம், வாசிப்பு மெதுவானவர்கள் கட்டாயம் அதை எடுங்கள். சிஐடிபி இணையத்தளத்தில் நேராகப் பதிவு செய்யுங்கள். கூகிளில் தேடினால் மேலே வருகிற சில தளங்கள் அதே மாதிரி நிறத்தில் இருக்கும், ஆனால் இடைத்தரகர்கள், கூடுதலாக நாற்பது ஐம்பது பவுண் எடுப்பார்கள். சோதனைக்குப் போகும்போது அசல் கடவுச்சீட்டோ பிரித்தானிய சாரதி அனுமதிப்பத்திரமோ வேண்டும், போனில் இருக்கிற படம் செல்லாது.

படிக்கிற விதத்தைப் பற்றி நான் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்ம ஆட்கள் பிழை விடுவது ஆங்கிலத்தால் மட்டும் இல்லை. இங்கே நாம் வேலை பழகின விதமும் காரணம். சுனாமிக்குப் பிறகு கல்லடியில் இருந்து திருக்கோவில் வரைக்கும் வீட்டுத்திட்டம் நடந்த காலத்தில்தான் என் வயதுப் பொடியன்கள் பலர் கையாளாக வேலைக்கு இறங்கினோம். செருப்போடு கொங்கிறீட் குழைத்தோம், வெறுங்கையால் சீமெந்து அள்ளினோம், 50 கிலோ சீமெந்துப் பையைத் தலையில் வைத்து மேலே ஏற்றினோம். அதுதான் கெட்டிக்காரத்தனம் என்று பழகினோம். அங்கே சீமெந்துப் பை 25 கிலோ. தூக்குவதற்கு முன் பாரம் எவ்வளவு, வழியில் என்ன இருக்கு, ஒருத்தனால் முடியுமா, ட்ரொலி இருக்கா என்று யோசிக்க வேண்டும் என்பதுதான் சரியான விடை. "பலசாலி ஒருவரைக் கூப்பிடு" என்று ஒரு விடை இருந்தால் அது பிழை.

அஸ்பெஸ்டஸ் கேள்வி கட்டாயம் வரும் என்று நினைத்துப் படியுங்கள். நம்ம ஊரில் பாதி வீட்டுக்குக் கூரை அந்தச் சீற்தான், ஆக்சோ பிளேட்டால் அறுத்திருக்கிறோம், தூளைத் துடைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்திருக்கிறோம். பிரித்தானியாவில் 1999 இல் அதை முற்றாகத் தடை செய்துவிட்டார்கள். ஆனால் 2000 ஆம் ஆண்டுக்கு முன் கட்டின கட்டடங்களில் கூரையில், குழாய் சுற்றலில், சுவர்ப் பலகையில் அது இன்னும் இருக்கலாம். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் இருபது முப்பது வருடம் கழித்துத்தான் புற்றுநோயாக வெளியே வரும். ஆகவே சந்தேகமான ஒன்றைக் கண்டால் விடை ஒன்றுதான். வேலையை நிறுத்து, தொடாதே, மற்றவர்களையும் கிட்ட விடாதே, சுப்பவைசரிடம் சொல். ஒரு சின்னத் துண்டை உடைத்துக் கொண்டுபோய்க் காட்டுவது என்று ஒரு விடை இருக்கும், நம்ம கை அதற்குத்தான் போகும், போகவிடாதீர்கள்.

எலி மூத்திரத்தால் வருகிற நோயைப் பற்றிக் கேட்டால் படுவான்கரைப் பக்கம் வயல் செய்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அது நம்ம எலிக்காய்ச்சல்தான், அங்கே அதற்கு வைல்ஸ் டிசீஸ் என்று பெயர். தேங்கின தண்ணீர், வெட்டுக்காயம், பிறகு சாதாரணக் காய்ச்சல் போலத் தொடங்கும். டொக்டரிடம் போகும்போது எங்கே வேலை செய்தீர்கள் என்று சொல்ல வேண்டும். இந்தப் பெயரை மட்டும் பாடமாக்கினால் ஒரு கேள்வி கையில்.

மின்சாரத்தில் ஒன்று. வேலைத்தளத்தில் கையில் பிடிக்கிற மெசின்களுக்கு வீட்டுக் கரண்ட் கொடுப்பதில்லை, 230 வோல்ற்றை 110 ஆகக் குறைத்து மஞ்சள் நிற ட்ரான்ஸ்போமர் மூலம் கொடுப்பார்கள், பிளக்கும் வயரும் மஞ்சளாக இருக்கும். வயரில் வெட்டு இருந்தால் ரேப் சுற்றுவது பிழையான விடை. ஏணி என்றால் நாலுக்கு ஒன்று, நாலு மீற்றர் உயரத்துக்கு அடி ஒரு மீற்றர் வெளியே. சாரத்தை முதல் தடவை பாவிக்கும் முன்பும் அதற்குப் பிறகு ஏழு நாளுக்குள் ஒருமுறையும் தகுதியானவர் சோதிக்க வேண்டும், நீங்கள் பலகையைக் கழற்றவோ மாற்றவோ கூடாது. தீயணைக்கும் உருளை எல்லாம் சிவப்புத்தான், மேலே இருக்கிற பட்டியின் நிறத்தைப் பாருங்கள்: கிறீம் நிறம் நுரை, கறுப்பு காபனீரொட்சைட்டு, நீலம் பவுடர். மின்சார நெருப்புக்குக் கறுப்பு. அடையாளப் பலகையில் நீல வட்டம் என்றால் செய்தே ஆக வேண்டும், சிவப்பு வட்டத்தில் குறுக்குக் கோடு என்றால் செய்யக்கூடாது, மஞ்சள் முக்கோணம் எச்சரிக்கை, பச்சை என்றால் வெளியேறும் வழி, முதலுதவி.

இன்னொரு வகைக் கேள்வி ஒரு கதை மாதிரி வரும். ஒருத்தன் காலையில் வேலைக்கு வருகிறான், போகிற வழியில் மூடாத குழி, மேலே போனால் கைப்பிடிக் கம்பி இல்லை, சுப்பவைசர் அவசரப்படுத்துகிறார், நீ என்ன செய்வாய் என்று கேட்பார்கள். இங்கே மேசன் சொன்னதைக் கேட்காமல் நின்றால் அடுத்த நாள் வேலைக்கு வராதே என்பார்கள், ஆகவே நம்ம மனசு "கவனமாக ஏறி வேலையை முடி" என்ற விடையைத் தேடும். அங்கே சரியான விடை, ஏறாதே, சொல், சரியாக்கும் வரை நில். சோதனைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நான் முதல் தடவை "இது சேஃப் இல்லை, நான் ஏறமாட்டேன்" என்று சொல்லும்போது வாய் நடுங்கினது. சுப்பவைசர் வந்து பார்த்தார், கம்பி போட ஆள் அனுப்பினார், எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பகல் முழுக்க எனக்கு அதையே யோசனை.

சோதனை பாஸ் பண்ணினால் அந்தப் பேப்பரைத் தவறவிடாதீர்கள், அதில் இருக்கிற எண் அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது தேவை. சோதனை முடிவு இரண்டு வருடத்துக்குத்தான் விண்ணப்பத்துக்குச் செல்லும்.

மூன்றாவது, விண்ணப்பம். சிஎஸ்சிஎஸ் டொட் யூகே டொட் கொம் என்கிற அவர்களுடைய தளத்திலேயே கணக்கு ஒன்று திறந்து, சான்றிதழைப் படம் பிடித்து ஏற்றி, வங்கி அட்டையால் காசு கட்ட வேண்டும். இந்த இடத்தில் நம்ம ஆட்களுக்கு வருகிற பெரிய தலையிடி பெயர். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, அப்பா பெயரை முன்னே போடுகிறோம், கடவுச்சீட்டில் அது சில நேரம் சர்நேம் இடத்தில் வரும், சில நேரம் எல்லாம் ஒரே வரியில் கிடக்கும். வகுப்பில் நீங்கள் கூப்பிடுகிற பெயரைச் சொல்வீர்கள், சோதனையில் கடவுச்சீட்டுப் பெயர், வங்கியில் இன்னொரு மாதிரி. என்னுடைய வகுப்புச் சான்றிதழில் அப்பா பெயரில் ஒரு ஏச் எழுத்துக் குறைந்துபோய், அதைத் திருத்தி எடுக்க அந்தப் பயிற்சி நிலையத்துக்கு நான்கு தடவை போன் எடுத்தேன், மூன்று வாரம் போனது. ஆகவே வகுப்பில் பெயர் எழுதக் கொடுக்கும்போதே கடவுச்சீட்டை மேசையில் வைத்து, எழுத்துக்கு எழுத்துப் பார்த்து எழுதுங்கள். சான்றிதழ் அடிக்கும் முன் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். பிறந்த திகதியில் மாதமும் நாளும் மாறிப்போகாமல் அதையும் பாருங்கள்.

அட்டை வந்ததும் போனில் அவர்களுடைய அப்பிலும் ஏற்றி வைத்திருங்கள். வேலைத்தளங்களில் இப்போது கண்ணால் பார்த்துவிட்டு விடுவதில்லை, ஸ்மார்ட் செக் என்கிற அப் மூலம் அட்டையை வாசித்துப் பார்க்கிறார்கள், போலி அட்டை அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். காலாவதித் திகதி அட்டையிலேயே இருக்கும். அதற்கு நான்கு மாதம் முன்னால் போனில் ஒரு அலாரம் போடுங்கள், ஏனென்றால் புதுப்பிக்கும்போது பழைய சோதனை இரண்டு வருடத்தைத் தாண்டியிருக்கும், திரும்பவும் சோதனைக்கு இருக்க வேண்டி வரும், அதற்கு நாள் கிடைப்பது எல்லா நேரமும் இலகு இல்லை.

ஊரில் இருந்துகொண்டு குடும்ப விசா வரும் வரைக்கும் காத்திருக்கிற தம்பிமாருக்கு: சும்மா இருக்கிற மாதங்களில் இரண்டு விஷயம் செய்யலாம். மேசன், தச்சு, வயரிங் எது தெரியுமோ அதற்கு நைற்றா என்கிற இலங்கை அரச தொழிற்பயிற்சி நிறுவனத்தில் முன் அனுபவத்தை மதிப்பிட்டு இலங்கை என்விகியூ எடுங்கள். அங்கே இது பச்சை அட்டைக்கு மாற்றாக நிற்காது, ஆனால் வளைகுடாவுக்கோ வேறு நாட்டுக்கோ திசை மாறினால் கையில் ஒரு தாள் இருக்கும், மதிப்பீட்டாளரின் முன் வேலை செய்து காட்டிப் பழகின பழக்கமும் இருக்கும். மற்றது ஆங்கிலம். இலக்கணப் புத்தகத்தை விடுங்கள், வேலைத்தளச் சொற்கள் ஒரு இருநூறு போதும்: ஸ்காஃபோல்ட், ஹசார்ட், ஹார்னஸ், எக்ஸ்கவேஷன், டஸ்ட் மாஸ்க், நியர் மிஸ், ரூல்பொக்ஸ் ரோக். சிஐடிபியின் மாதிரிக் கேள்விகள் இணையத்தில் இருக்கின்றன, ஒரு கொப்பியில் இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் நம்ம பாஷையில் அதன் அர்த்தம் என்று எழுதுங்கள். நான் எழுதின அந்தக் கொப்பியை என்னோடு இருந்த ஏழு பேர் ஒருவர் பின் ஒருவராகப் பாவித்தார்கள், கடைசியாக அக்கரைப்பற்றுத் தம்பி ஒருவனிடம் இருக்கிறது, சீமெந்துத் தூசு பிடித்து மட்டை கழன்றுபோனாலும் இன்னும் வைத்திருக்கிறான். படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் கேட்கிறவர்களுக்கு அனுப்பிவிடுகிறேன், காசு ஒன்றும் வேண்டாம்.